காவலுக்குக் காசு கொடுக்கும் முன்



களவு கூடிவிட்டது, இருட்டினால் பெண்பிள்ளைகளை வெளியில் அனுப்பப் பயமாக இருக்கிறது என்ற பேச்சு எழும் இடங்களில் எல்லாம் ஒரு யோசனையும் சேர்ந்து வருகிறது. "வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்ப்போம். இரவில் சுற்றிவர இரண்டு பேரைக் காவலுக்குப் போடுவோம்" என்கிறார்கள். பதுளை, பசறை, ஹாலிஎல, அப்புத்தளை என்று நான் வேலை நிமித்தம் போய்வரும் தோட்டங்கள் பலவற்றில் இதைக் கேட்டிருக்கிறேன். கொழும்பிலே வசதியான வீதிகளில் குடியிருப்பவர்கள் பாதுகாப்பு நிறுவனங்களுக்குப் பணம் கட்டுகிறார்கள். நம்முடைய லயத்திலும் ஏன் முடியாது என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள்.

"இதில நாங்க சேரலாமா மிஸ்?" என்று பெண்கள் என்னிடம் கேட்கிறார்கள். இந்த மாதம் அதைப் பற்றியே பேசலாம் என்று நினைக்கிறேன்.

இந்தப் பத்திரிகையை வாசிக்கும் உங்களில் பலருக்குக் காவல் என்ற சொல் இலேசான சொல் அல்ல. இரவில் வீதியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்தவர்கள் நீங்கள். ரோந்து, சோதனைச்சாவடி, சுற்றிவளைப்பு எல்லாம் பாதுகாப்பு என்ற பெயரில்தான் வந்தன. 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையை விட்டு வன்னிக்குப் போய், அங்கும் யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, 2009க்குப் பிறகு உறவினரைத் தேடித் தோட்டத்துக்கே திரும்பி வந்த பெண்களை நான் அறிவேன். கதவுக்கு வெளியே ஆண்கள் கூட்டமாக நடக்கும் சத்தம் அவர்களுக்கு நிம்மதியைத் தருமா, நெஞ்சிடியைத் தருமா என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்பதில்லை.

காவல் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பயமில்லாமல் உறங்குவதும், பயமில்லாமல் நடப்பதும் நமது உரிமை. ஆனால் நம்முடைய காசில் ஒரு காவல் வருமானால், அது எதைக் காக்க வேண்டும், எப்படி நடக்க வேண்டும், யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும். காசு கொடுக்கும் முன் அதைக் கேட்டுப் பெறுங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது.

நம் முன்னோரின் காவல்

ஊரார் காசில் ஊர்க்காவல் என்பது நமக்குப் புதிதல்ல. நமது பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்த தமிழ்நாட்டு ஊர்களில் இது மிகப் பழைய வழக்கம். சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே பாடிகாவல் என்றொரு வரி வருகிறது. ஊர்க்காவலுக்காக மக்கள் கொடுத்த வரி அது. பிற்காலத்தில் பாளையக்காரர்கள் தேசகாவல், தலக்காவல் என்று வசூலித்தார்கள். கிராமத்தார் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைக் காவல்காரருக்குக் கொடுப்பார்கள். ஊரில் களவு போனால் பொருளை அவர் தேடிக்கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும். ஏற்பாடு நல்லதாகத்தான் தெரிகிறது.

ஆனால் காலம் செல்லச்செல்ல இது பல இடங்களில் கெட்டுப்போனது. களவுபோன மாட்டைத் திருப்பிக் கொண்டுவரத் துப்புக்கூலி என்று தனியாகப் பணம் கேட்டார்கள். காவலுக்குக் காசு கொடுக்காத வீட்டில்தான் களவு போகும் என்ற நிலை வந்தது. காவல்காரனுக்குப் பயந்து காவல்காரனுக்கே காசு கொடுக்க வேண்டியதாயிற்று. 1896இல் மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தார் இதற்கு எதிராகத் திரண்டார்கள். பொது நிதி சேர்த்து, தமக்குள்ளேயே காவல் வைத்துக்கொண்டார்கள். அதுவும் அமைதியாக முடியவில்லை. பழைய காவல்காரர்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. ஒரு பாவமும் செய்யாத குடும்பங்களும் ஊரைவிட்டு விரட்டப்பட்டன.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட இந்தக் கதையில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. கணக்குக் கேட்க ஆளில்லாத காவல், காலப்போக்கில் மிரட்டலாக மாறும். கோபத்தில் திரளும் கூட்டம், கள்வனையும் அப்பாவியையும் பிரித்துப் பார்க்காது.

2011 ஓகஸ்ட் மாதம்

இரண்டாவது பாடத்தை நம்முடைய ஊவாவிலேயே கண்டோம். 2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம் என்றும் மர்ம மனிதன் என்றும் நாடு முழுக்கப் பேச்சுப் பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு பெண்களைத் தாக்க ஆட்கள் வருகிறார்கள் என்றார்கள். மலையகத் தோட்டங்களில் ஆண்கள் கத்தி, பொல்லு, டோர்ச் லைட்டுடன் இரவிரவாகக் காவல் நின்றார்கள். பெண்கள் பின்னேரத்தோடு கதவைச் சாத்தினார்கள்.

அந்த மாதம் அப்புத்தளைப் பகுதியில் மர்ம மனிதர் என்று சந்தேகித்து இரண்டு ஆண்களைக் கூட்டமாகச் சேர்ந்து கொன்றார்கள். புத்தளத்தில் பொலிஸ்காரர் ஒருவர் கூட்டத்தின் கையில் உயிரிழந்தார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் மக்களுக்கும் படையினருக்கும் இடையே முறுகல் வந்தபின், இரவில் வீடுகளுக்குள் புகுந்து ஆண்களை இழுத்துச் சென்றார்கள். நூறு பேரளவில் கைதானார்கள், பலர் அடிபட்டார்கள். யுத்தம் முடிந்து இரண்டு வருடம்கூடச் சரியாக நிம்மதியாக உறங்காத பெண்கள், மீண்டும் பொலிஸ் நிலைய வாசலில் கணவனையும் மகனையும் தேடி நின்றார்கள்.

அந்த நாட்களில் மக்களுக்கு இருந்த பயம் பொய்யல்ல. ஆனால் யாரைப் பிடிப்பது, பிடித்தால் என்ன செய்வது, யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே பேசித் தீர்மானித்திராத காவலாக அது இருந்தது. பயமும் ஆயுதமும் இருட்டும் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அப்புத்தளை ஓர் எச்சரிக்கை.

பொலிஸுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பது சுலபம். இந்த மாவட்டத்தில் தமிழருக்கு அந்தக் கேள்வி அத்தனை சுலபமானதல்ல. பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அயலில் இருந்து திரண்ட கூட்டம் அதைச் செய்தபோது பொலிஸார் அங்கேதான் நின்றார்கள். மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தவர்கள் 2005இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். இந்த நினைவு இருக்கும் இடத்தில் மக்கள் தாமே காவல் நிற்க நினைப்பதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதே பிந்துனுவெவ நமக்கு இன்னொன்றையும் சொல்லவில்லையா? "அயலவர் தமது ஊரைக் காக்கத் திரண்டார்கள்" என்று தொடங்கும் கூட்டம் எங்கே போய் முடியலாம் என்பதையும் அதில்தானே கண்டோம்?

காசுக் கணக்கு

சரி, இனிக் கணக்குக்கு வருவோம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. இரவு முழுக்க விழித்திருக்கும் ஒருவருக்கு அதைவிடக் குறைத்துக் கொடுப்பது நியாயமில்லை. அந்தக் கணக்கில் ஒரு மாதம் 30 இரவுக்கு 40,500 ரூபாய் ஆகிறது. 45 குடும்பம் இருக்கும் இடம் என்றால் வீட்டுக்கு 900 ரூபாய் விழும். இரவில் ஒருவர் தனியாகச் சுற்றுவது அவருக்கே ஆபத்து. இரண்டு பேர் என்றால் வீட்டுக்கு 1800 ரூபாய். ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்தாலும் அடிப்படைச் சம்பளத்தில் அது வராது.

இதனால்தான் பல இடங்களில் சம்பளத்துக்கு ஆள் வைப்பதை விட்டு, வீட்டுக்கு ஓர் ஆண் என்று முறைவைத்துக் காவல் நிற்கிறார்கள். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிள்ளை மடுவத்தில் நடந்த மாதர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். காவலுக்கு ஆள் அனுப்ப முடியாத வீடு காசு கட்ட வேண்டும் என்று அங்கே பேசியிருந்தார்கள். யார் வீட்டில் ஆள் இல்லை? கணவனை யுத்தத்தில் இழந்தவள், கணவன் விட்டுப்போனவள், வயதான தாயுடன் தனியே இருப்பவள். ஒரே சம்பளத்தில் சீவிக்கும் வீட்டுக்குத்தான் மேலதிகச் செலவு விழுந்தது. அந்தக் கூட்டத்தில் ஓர் அக்கா எழுந்து கேட்டார்: "காசும் நாங்க குடுக்கணும், ராவுல யாரு நிக்கிறாங்கன்னும் எங்களுக்குத் தெரியாது. குடிச்சிட்டு வந்து நின்னா யாருகிட்ட போய்ச் சொல்றது?"

நியாயமான கேள்வி. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்குச் சந்தாவில் விலக்கோ பாதியோ கொடுங்கள் என்று கேட்பது பிச்சை கேட்பதாகாது. காவலின் பாரத்தை எல்லாரும் தமது பலத்துக்கு ஏற்றபடி சுமப்பதுதான் முறை. பணத்துக்குப் பதிலாக வேறு வேலையால் பங்களிக்கவும் வழி இருக்கிறது. பெயர்ப் பட்டியல் எழுதுவது, கணக்கு வைப்பது, காவல் நிற்பவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பது, தொலைபேசி இலக்கங்களை வீடு வீடாகக் கொடுப்பது எல்லாம் காவலில் சேர்ந்ததுதான்.

சில இடங்களில் நிறுவனம் ஒன்றிடமிருந்து காவலாளியை எடுக்கலாம் என்று பேசுகிறார்கள். அப்படியானால் அந்த நிறுவனம் 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்கள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதா என்று முதலில் கேளுங்கள். வருகிறவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் உங்கள் குழுவின் கையில் இருக்க வேண்டும்.

எந்த இடத்துக்குக் காவல்?

அதே கூட்டத்தில் ஒரு சிறு வேலை செய்தோம். ஒரு பெரிய தாளில் லயங்களையும் பாதைகளையும் வரைந்து, பயமான இடங்களைக் குறிக்கச் சொன்னேன். பின்னர் ஆண்களிடமும் தனியாக அதையே கேட்டோம்.

ஆண்கள் குறித்தவை கோயில், கடை, மாட்டுக் கொட்டில், மரக்கறித் தோட்டம். பெண்கள் குறித்தவை பீலிக்குப் போகும் இறக்கம், லயத்துக்குப் பின்னால் இருக்கும் கக்கூஸ், பஸ் இறங்கும் சந்தி, டியூஷன் விட்டுப் பிள்ளைகள் வரும் குறுக்குப்பாதை, கசிப்பு விற்கும் வீட்டு முன்பக்கம். ஆண்கள் நினைத்தது பொருள் களவு போகும் இடத்தை. பெண்கள் நினைத்தது உடம்புக்கும் மானத்துக்கும் ஆபத்து வரும் இடத்தை. இரண்டும் உண்மை. ஆனால் முறை போட்ட காவல் முதற்பட்டியலில் இருந்த இடங்களை மட்டும்தான் சுற்றி வந்தது. நேரமும் பொருந்தவில்லை. காவல் இரவு பத்து மணிக்குத் தொடங்கியது. பெண்கள் பயந்ததோ பின்னேரம் ஆறு மணி முதல் எட்டு மணி வரையும், விடியற்காலை நான்கரை மணிக்கும்.

இது நான் கண்டுபிடித்த முறை அல்ல. கனடாவின் டொரொன்டோ நகரில் மெட்ராக் என்ற பெண்கள் அமைப்பு 1989இல் இதை முறைப்படி தொடங்கியது. பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து இருட்டில் தமது வீதிகளில் நடந்து, வெளிச்சம் இல்லாத இடம், மறைவான இடம், கூப்பிட்டால் யாருக்கும் கேட்காத இடம் என்று எழுதினார்கள். பின்னர் அதை நகரசபையிடம் கொடுத்துத் திருத்தம் கேட்டார்கள். டில்லியில் ஜாகோரி என்ற அமைப்பும் இதைச் செய்தது. நமது தோட்டத்தில் இதற்கு ஒரு தாளும் பேனையும் டோர்ச் லைட்டும் போதும்.

காவல் யாரைப் பார்க்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். கொழும்பில் வேலை செய்துவிட்டு இரவு பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்பிள்ளையை நிறுத்தி "எங்க போயிட்டு வர்ற, யாரு கூட வந்த" என்று விசாரிப்பது காவலின் வேலையல்ல. விதவையின் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று கணக்கெடுப்பதும் காவலின் வேலையல்ல. பெண்ணைப் பாதுகாக்கிறோம் என்று தொடங்கி, பெண்ணைக் கண்காணிப்பதில் முடிந்த காவல்களை நான் பார்த்திருக்கிறேன்.

கதவுக்கு உள்ளே

சமூகவியல் படித்த காலத்திலும் சரி, இந்த வேலையில் இறங்கிய பிறகும் சரி, மீண்டும் மீண்டும் கண்ட ஓர் உண்மை இருக்கிறது. பெண்ணையும் பிள்ளையையும் துன்புறுத்துகிறவர் பெரும்பாலும் அந்நியர் அல்ல, தெரிந்தவர்தான். எத்தனை பேர் வெளியே சுற்றினாலும், உள்ளே அடிபடுகிறவளுக்கு அந்தக் காவல் பயன்படாது. சில வேளை அடிக்கிற கணவனே அன்றைய இரவுக் காவலில் நிற்பான்.

ஆகவே குழு கூடும்போது இதையும் வெளிப்படையாகப் பேசுங்கள். ஒரு வீட்டில் அலறல் கேட்டால் காவல் நிற்பவர் "அது குடும்பப் பிரச்சினை" என்று தாண்டிப் போகக் கூடாது. கதவைத் தட்ட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்களை எழுப்ப வேண்டும். ஆபத்து என்றால் 119க்குச் சொல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. சிறுவர்களுக்கு 1929. இந்த மூன்று இலக்கங்களும் ஒவ்வொரு வீட்டு இஸ்தோப்புச் சுவரிலும் எழுதப்பட்டிருந்தால், அதுவே ஒரு காவல்.

சட்டம் என்ன சொல்கிறது?

காவல் நிற்கும் உங்கள் மகனுக்கும் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு, சாதாரண ஆள் ஒருவர் இன்னொருவரைப் பிடிப்பதற்கு ஓரளவு இடம் தருகிறது. தமது கண்முன்னே பாரதூரமான குற்றம் செய்கிறவரைப் பிடிக்கலாம். அப்படிப் பிடித்தால் தாமதமில்லாமல் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். மரத்தில் கட்டி வைப்பதற்கோ, அடித்து உண்மையை வரவழைப்பதற்கோ சட்டத்தில் இடமில்லை. சந்தேகம் மட்டும் இருந்தால் பார்க்கலாம், விசாரிக்கலாம், பொலிஸுக்குச் சொல்லலாம். அதோடு நிறுத்த வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சட்டவிரோத நோக்கத்தோடு கூடினால், அந்த நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றத்துக்கு மற்றவர்களும் பொறுப்பாகலாம் என்று தண்டனைச் சட்டக்கோவை சொல்கிறது. அடித்தவன் ஒருவனாக இருந்தாலும், டோர்ச் பிடித்து நின்ற பிள்ளையும் வழக்கில் மாட்டிக்கொள்வான். அந்த வழக்குக்கு அலைந்து, சட்டத்தரணிக்குக் காசு தேடி, விளக்கமறியலுக்குச் சோறு கொண்டுபோவது யார்? மறுபடியும் நாம்தான்.

இதனால் காவல் தொடங்கும் முன்பே பொலிஸ் நிலையத்துக்கும் கிராம சேவகருக்கும் எழுத்தில் அறிவித்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். கிராம சேவகர் பிரிவுகளில் முன்பு சிவில் பாதுகாப்புக் குழு என்றும் பிறகு பிரஜா பொலிஸ் குழு என்றும் பொலிஸோடு சேர்ந்த குழுக்கள் அமைக்கப்பட்டன. உங்கள் பிரிவில் அப்படி ஒன்று இருந்தால், அதில் தோட்டத்து ஆட்களும், முக்கியமாகப் பெண்களும் இருக்கிறார்களா என்று கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டுள்ளன. தமிழில் எழுதிக் கொடுப்பதற்கு நீங்கள் கூச்சப்படத் தேவையில்லை.

பக்கத்தில் சிங்களக் கிராமம் இருந்தால் அங்குள்ளவர்களுக்கும் முதலே சொல்லுங்கள். விகாரையில், மாதர் சங்கத்தில், கடையில் பேசுங்கள். தெரியாமல் அந்தக் கிராமத்து ஆளை நமது பிள்ளைகள் தடுத்து நிறுத்தி வாய்த்தர்க்கம் வந்தால், அது ஓர் ஆளின் பிரச்சினையாக நிற்காது. இந்த மாவட்டத்தில் அது எப்படிப் பற்றிக்கொள்ளும் என்று நம் மூத்தவர்களுக்குத் தெரியும்.

வெளிச்சம் யாருடைய கடமை?

பெண்கள் குறித்த பயமான இடங்களில் பாதிக்கு மேல் வேண்டியது ஆளல்ல, வெளிச்சம். பீலிக்கும் கக்கூசுக்கும் போகும் வழியில் ஒரு மின்விளக்கு எரிந்தால் அங்கே காவல்காரர் எதற்கு?

தெருவிளக்கு கேட்டால் "தோட்டத்துக்குச் செய்ய சட்டமில்லை" என்று பிரதேச சபையில் சொன்ன காலம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு அப்படியொரு தடையாக இருந்தது. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இன்று பிரதேச சபை தோட்டக் குடியிருப்புகளுக்கும் வசதி செய்து கொடுக்கலாம். ஆகவே உங்கள் வரைபடத்தைப் பிரதி எடுத்து, கையொப்பம் சேர்த்து, பிரதேச சபைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் கொடுங்கள். அரசும் நிர்வாகமும் செய்ய வேண்டியதை நமது 900 ரூபாயில் நாமே செய்துகொண்டிருந்தால், அவர்கள் அதை மறந்தே போவார்கள்.

மலையில் இரவு ஆபத்து மனிதனால் மட்டும் வருவதுமில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் எவ்வளவு அடிபட்டது என்பதை நீங்களே கண்டீர்கள். அடைமழை இரவில் விழித்திருக்கும் காவல், சுவரில் புது வெடிப்பு வருகிறதா, ஊற்றுநீர் திடீரெனக் கலங்குகிறதா, மரம் சாய்கிறதா என்று பார்த்து ஊரை எழுப்பினால், கள்வனைப் பிடிப்பதைவிட அது பெரிய காரியம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

குழுவில் நமது இடம்

பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத்தில் 1940ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் போது தொழிலாளர்கள் தாங்களே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையோடு கலந்து பேச துரையும் இணங்கினார். பின்னர் அந்தப் போராட்டத்தைப் பொலிஸ் அடக்கியது. ஆனாலும் வாக்குரிமை பறிபோகாத அந்தக் காலத்திலேயே, எழுதப் படிக்கத் தெரியாத பலர் இருந்த லயங்களில், தேர்ந்தெடுத்த சபை ஒன்று நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். இன்று ஒரு காவற்குழுவை நமக்கு முறையாக நடத்த முடியாதா?

நீங்கள் கேட்க வேண்டியவை இவை. குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். பொருளாளர் ஒரு பெண்ணாக இருக்கட்டும். வரவு செலவு மாதம் ஒருமுறை பிள்ளை மடுவச் சுவரில் ஒட்டப்படட்டும். காவலில் நிற்பவர் பெயர் முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியட்டும். மது அருந்தியவர் அன்று நிற்கக் கூடாது. கத்தி, பொல்லு வேண்டாம். டோர்ச், விசில், தொலைபேசி போதும். இருவருக்குக் குறையாமல் நிற்க வேண்டும். காவல்காரர் மீது முறைப்பாடு வந்தால் கேட்பதற்கு இரண்டு பெண்களை நியமிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டம் வைத்து, காவல் தொடரலாமா நிறுத்தலாமா என்று எல்லாரும் கையுயர்த்தித் தீர்மானிக்க வேண்டும். காசு கட்ட முடியாத வீட்டுக்கும் அதே காவல், அதே மரியாதை.

இவற்றில் ஒன்றைக்கூட எழுத்தில் தர மறுக்கும் குழுவுக்குக் காசு கொடுக்க அவசரப்படாதீர்கள். "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று யாராவது கேட்டால், சந்தாக் கொப்பியை எடுத்துக் காட்டுங்கள். அதில் நம்முடைய பெயர்தானே இருக்கிறது?

உங்கள் தோட்டத்தில், கிராமத்தில், மீள்குடியேறிய ஊரில் இப்படி ஒரு காவல் நடக்கிறதா? அது உங்களுக்கு உதவுகிறதா, உபத்திரவமாக இருக்கிறதா? எழுதி அனுப்புங்கள். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். அதற்கிடையில் இந்தக் கிழமையே நாலு பேர் சேர்ந்து ஒரு தாளில் உங்கள் பாதைகளை வரைந்து பாருங்கள். பயமான இடம் எதுவென்று முதலில் நமக்குள் பேசுவோம். காசைப் பற்றிப் பிறகு பேசலாம்.

அன்புடன், அடுத்த மாதம் சந்திப்போம்.